விருது வாங்கிய படம் ஏன் கண்ணில் படுவதில்லை? மும்பை ஆவணப்படக்காரரின் தொழில் நடக்கும் விதம்

2021-ல் பாயல் கபாடியா, 2022-ல் ஷௌனக் சென் என்று அடுத்தடுத்து இரண்டு வருடம், கான் விழாவில் ஆவணப்படத்துக்குத் தரும் ‘கோல்டன் ஐ’ விருது இந்தியர் கைக்கு வந்தது. 2023-ல் முதுமலை யானைக்குட்டிகளைப் பற்றிய குறும் ஆவணப்படத்துக்கு ஆஸ்கர். ஒவ்வொரு தடவையும் மும்பையின் மாட்டுங்காவிலும் சயனிலும் இருக்கிற தமிழ் வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: படத்தை எங்கே பார்ப்பது? முதுமலைப் படத்துக்குப் பதில் சுலபம், அது நெட்ஃபிளிக்ஸ் வெளியீடு. மற்ற ஆவணப்படங்களுக்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. விழாவில் கைதட்டு வாங்கிய படம் சொந்த ஊரில் ஒரு தியேட்டருக்குக்கூட வராமல் போவது மும்பைக்குப் புதிதல்ல.

இதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிக் காரணம்கூட இல்லை. இந்தத் தொழிலின் அமைப்பே வேறு. அதை அடியிலிருந்து பார்த்தால்தான், ஓர் இயக்குநர் முப்பது நாற்பது வருடத்தில் பத்துப் பதினைந்து படம் மட்டும் எடுப்பது ஏன், அதிலும் பாதி நீதிமன்றத்துக்குப் போய்வருவது ஏன் என்பது பிடிபடும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

செய்திப்படம், விளக்கப்படம், ஆவணப்படம் மூன்றையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது.

பழைய தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால், கனத்த ஆண்குரல் ஒன்று அணைக்கட்டையும் வெள்ள நிவாரணத்தையும் வர்ணிக்கும். அது பெரும்பாலும் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படம் அல்லது விளக்கப்படம். 1948-ல் தொடங்கிய இந்த மத்திய அரசு நிறுவனத்தின் தலைமையகம் மும்பை பெட்டர் ரோட்டில் இருந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் பின்குரல் ஏற்றி நாடு முழுக்க அனுப்பினார்கள். தியேட்டர்காரர் விரும்பிப் போட்டதல்ல. லைசென்ஸ் நிபந்தனையில் அங்கீகரித்த குறும்படம் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும், அதற்கு வசூலில் 1 சதவீதம் வாடகையும் கட்ட வேண்டும் என்றிருந்தது. இதை எதிர்த்துப் போன வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை செல்லும் என்றே சொன்னது.

இதனால் இரண்டு விளைவு. ஆவணப்படம் என்றால் கட்டாயம் உட்கார்ந்து பார்க்கிற ஒன்று, அல்லது டீ குடிக்க வெளியே போகிற நேரம் என்று பார்வையாளர் மனதில் பதிந்துவிட்டது. கூடவே, படத்தில் பேசும் குரல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. எங்கிருந்தோ வருகிற குரல், எல்லாம் தெரிந்த குரல்.

‘தனிப் பாணி’ என்று விமர்சகர்கள் சொல்வது இந்தக் குரலுக்கு எதிர்ப்பக்கம். இவர்தான் பார்க்கிறார், இவர்தான் கேட்கிறார், இவருக்குத் தெரியாததும் இருக்கிறது என்று படமே ஒத்துக்கொள்ளும். இயக்குநரின் சொந்தக் குரல் கேட்கலாம், கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் கேள்வி கேட்கலாம், அல்லது ஒரு சொல்லும் பேசாமல் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதிலேயே ஆளைக் காட்டிவிடலாம். ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள்ளேயே 1960-களின் கடைசியில் எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்றவர்கள் அரசுப் பணத்தில் இதைச் செய்து பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டடத்தை மொத்தமாகப் பிரச்சாரக்கூடம் என்று ஒதுக்குவது தப்பு.

பாணி எங்கிருந்து வருகிறது

பாணியை மனநிலையாகவோ கலைத்திறமையாகவோ மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நடைமுறையில் அது நாலு கேள்விக்கான பதில்:

1. கேமரா யார் கையில்?
2. கடைசி வெட்டு, அதாவது முடிவான எடிட்டிங், யார் முடிவு?
3. படத்தின் உரிமை யார் பெயரில்?
4. யாருக்கு, எங்கே காட்டுவது என்று யார் தீர்மானிக்கிறார்?

நாலுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் படத்தில் அந்த ஆளின் ரேகை விழும். ஒரு சேனல் பணம் கொடுத்தால் முதலில் போவது மூன்றாவது, உடனே இரண்டாவது. சேனலுக்கு 52 நிமிடம் வேண்டும் என்றால் 90 நிமிடப் படத்தில் 38 நிமிடம் போக வேண்டும். அதில் முதலில் வெட்டுப்படுவது ஆள் பேசி முடித்த பிறகு வரும் மௌனங்கள்தான். பாணி இருந்ததே அங்கேதான்.

நாலையும் கடைசிவரை கையில் வைத்திருந்தவருக்கு மும்பையில் தெளிவான உதாரணம் ஆனந்த் பட்வர்தன். 1950-ல் இங்கே பிறந்தவர். அவருடைய அரசியலோடு உடன்படுவதும் படாததும் வேறு விஷயம். தொழில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அவருடைய ஐம்பது வருடத்தை விட நல்ல பாடம் இல்லை.

ஐம்பது வருடம், கருவி வழியாக

1974-ல் பீகாரில் நடந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்தைப் பட்வர்தன் படம் எடுத்தார். இரவல் கேமரா, அதுவும் சூப்பர் 8. வீட்டுக் கல்யாணம் எடுப்பதற்கென்று வந்த 8 மில்லிமீட்டர் ஃபிலிம் அது. நெகட்டிவ் கிடையாது, கேமராவுக்குள் ஓடிய ரீலேதான் பிரின்ட். அதைப் பெரிய திரைக்குக் கொண்டுபோக லேப் செலவு கட்டுப்படியாகாது. செய்தது இதுதான்: சூப்பர் 8 படத்தைச் சின்னத் திரை ஒன்றில் ஓட்டி, அந்தத் திரையை 16 மில்லிமீட்டர் கேமராவால் மறுபடி படம்பிடித்தார்கள். ஓரம் இருண்டு போகும், புள்ளி பெரிதாகும், வெளிச்சம் லேசாகத் துடிக்கும். பிற்பாடு பார்த்தவர்கள் அதைத் தலைமறைவு சினிமாவின் அழகு என்று எழுதினார்கள். அது லேப் கட்டணம். 1975-ல் நெருக்கடி நிலை வந்ததும் ஒரு பிரின்டைத் துண்டு துண்டாக்கி, வெவ்வேறு ஆட்கள் கையில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒட்டவைத்தார்கள்.

அடுத்த கட்டம் 16 மில்லிமீட்டர். 400 அடி ரோல் ஒன்று விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 11 நிமிடம்தான் ஓடும். பத்து ரோல் வாங்கினால் இரண்டு மணி நேரம்கூட வராது. இந்தக் கணக்கு பேட்டியின் தோற்றத்தையே முடிவு செய்கிறது. கேள்வியைச் சுருக்கிக் கேட்க வேண்டும், எதிராளி சூடாகும் நேரம் பார்த்து பொத்தானை அழுத்த வேண்டும், சுற்றி வளைத்துப் பேசுகிறவரை நிறுத்த வேண்டும். 1985-ல் மும்பை நடைபாதைவாசிகளின் குடிசை இடிப்பைப் பற்றி வந்த ‘ஹமாரா ஷஹர்’ படத்தின் கூர்மையில் இந்தச் சிக்கனத்துக்குப் பங்கு உண்டு. அதே 1985 ஜூலையில்தான் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைக்கும் வழி என்பது உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு, முன்னறிவிப்போடு காலி செய்யலாம் என்றும் அனுமதித்தது.

1990-களின் நடுவில் டிஜிட்டல் வீடியோ வந்தது. உள்ளங்கை அளவு டேப், 60 நிமிடம், ஃபிலிமோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. காத்திருக்க முடிந்தது. 1997 ஜூலை 11 அன்று தலித் மக்கள் வாழும் காட்கோபர் ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் இறந்தார்கள். நாலு நாள் கழித்து கவிஞரும் பாடகருமான விலாஸ் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவர் அவர். அங்கே தொடங்கிய ‘ஜெய் பீம் காம்ரேட்’ 14 வருடம் கழித்து 2011-ல் முடிந்தது. ஃபிலிமில் இதை எடுத்திருக்கவே முடியாது. பணம் ஒரு காரணம். வழக்கு முடியும்வரை, ஒரு தலைமுறைப் பாடகர்கள் வளரும்வரை நின்று பார்க்கிற பொறுமையை 11 நிமிட ரோல் தராது என்பது இன்னொன்று.

நாலாவது கேள்வி ஞாபகம் இருக்கட்டும். அந்தப் படத்தை 2012-ல் மும்பையில் பொதுவில் காட்ட பட்வர்தன் மல்டிபிளெக்ஸைத் தேடிப் போகவில்லை. பைகுல்லாவில் பி.ஐ.டி. சால் என்கிற பழைய குடியிருப்பில், திறந்தவெளியில், படத்தில் பேசுகிற மக்களுக்கு முன்னால் ஓட்டினார்.

நம் பக்கத்தில் இதே தடத்தில் நடப்பவர் ஆர்.வி. ரமணி. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர், கேமராவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டவர். 2004 சுனாமியில் தன் கேமராவை இழந்தார். அந்தக் கேமராவையே ஆளாக வைத்துப் படம் எடுத்தார். கேமரா வேறொருவர் கையில் இருந்திருந்தால் அது ஒரு இன்ஷூரன்ஸ் விண்ணப்பமாக முடிந்திருக்கும்.

சான்றிதழ் எங்கே இடறுகிறது

பெட்டர் ரோட்டில் ஒரே வளாகத்துக்குள் பழைய ஃபிலிம்ஸ் டிவிஷன், 2019-ல் திறந்த சினிமா அருங்காட்சியகம், தணிக்கை வாரியத்தின் அலுவலகம் எல்லாம் இருக்கின்றன. ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது. 1990 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் இதே வளாகம்தான் வீடு. படம் எடுக்கப் பணம் தரும் கை, விருது தரும் கை, வெட்டச் சொல்லும் கை எல்லாம் ஒரே கேட் வழியாகப் போய்வந்தன. 2002-ல் அந்த விழாவில் பரிசு வாங்கிய பட்வர்தனின் ‘ஜங் அவுர் அமன்’ படத்துக்குத் தணிக்கைத் தரப்பு 21 வெட்டு கேட்டது. 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் வேண்டாம் என்றது.

சட்டம் படிப்படியாக இப்படி:

1. 1952-ன் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுவில் காட்டும் எந்தப் படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். கதைப்படம், ஆவணப்படம் என்று பேதம் இல்லை. 10 நிமிடப் படத்துக்கும் இதே வரிசைதான்.

2. மறுப்பதற்கான காரணங்கள் பிரிவு 5-பி-யில் உள்ளன: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு. கதைப்படம் பெரும்பாலும் ஒழுக்கத்தில் மாட்டும். ஆவணப்படம் பொது ஒழுங்கிலும் அவதூறிலும் மாட்டும், ஏனென்றால் அதில் வருகிறவர்கள் நிஜப் பெயர் உள்ளவர்கள்.

3. முன்தணிக்கையே கூடாது என்ற வாதம் 1970-ல் தோற்றது. கே.ஏ. அப்பாஸ் நாலு நகரங்களைப் பற்றி எடுத்த சின்ன ஆவணப்படம் அது. அதில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சியில் கைவைக்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. ஆனால் மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்ற கருத்து அந்த வழக்கில்தான் வலுப்பட்டது, பிறகு தீர்ப்பாயமும் வந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது வாரியம் மறுத்தால் நேராக உயர் நீதிமன்றம். கோடியில் போட்டவருக்கு வக்கீல் செலவு ஒரு வரி. கடன் வாங்கி எடுத்தவருக்கு அதுவே அடுத்த படத்தின் பணம்.

4. திரைப்பட விழாக்களுக்கு அமைச்சகம் விலக்கு தரலாம். அதனால்தான் விழாவில் ஓடிய படம் தியேட்டருக்கு வராமலே நிற்க முடிகிறது. விலக்கு உரிமையல்ல, சலுகை. 2004-ல் மும்பை விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழ் கேட்டபோது ஆவணப்படக்காரர்கள் கூடி எதிர்த்தார்கள். நிபந்தனை போனது, ஆனால் தேர்வில் பல படங்கள் விழுந்தன. அவற்றை வைத்து ‘விகல்ப்’ என்று பக்கத்திலேயே மாற்றுத் திரையிடல் நடத்தினார்கள்.

5. ஓடிடிக்கு வாரியச் சான்றிதழ் வேண்டாம். 2021 விதிகளின்படி தளமே வயது வகை போட்டுக்கொள்ளும். கேட்கச் சுதந்திரம் மாதிரி இருக்கும். நடப்பில், வழக்கு வந்தால் சிக்குவது தளம் என்பதால் வாங்கும் மேசையிலேயே படம் நின்றுவிடுகிறது. வாரியமாவது எந்தக் காட்சி, என்ன காரணம் என்று எழுதித் தரும், அதை எதிர்த்து வழக்குப் போடலாம். ‘எங்களுக்குப் பொருந்தவில்லை’ என்கிற மின்னஞ்சலை எந்த நீதிமன்றத்துக்கும் எடுத்துப்போக முடியாது.

தூர்தர்ஷன் கதை தனி. போபால் விஷவாயு பற்றிய விருதுப் படத்தை ஒளிபரப்ப மறுத்த வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் இயக்குநர் பக்கம் நின்றது. அரசு ஒளிபரப்பு மனம்போனபடி மறுக்க முடியாது என்கிற வழி அங்கே திறந்தது. அயோத்திப் பிரச்சினையைப் பற்றிய பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ 1992-ல் முடிந்த படம். நீதிமன்றம் வழியாக 1997-ல்தான் தூர்தர்ஷனில் வந்தது. ஆண்மையையும் மத வன்முறையையும் சேர்த்துப் பார்த்த அடுத்த படம் 1990-களின் நடுவில் முடிந்தது. அதற்கான உச்ச நீதிமன்ற உத்தரவு 2006-ல் வந்தது. இயக்குநரின் ‘இடைவெளி’ என்று திரைப்பட்டியலில் தெரிகிற வருடங்களில் கணிசமானவை இப்படிக் கழிந்தவை.

தாராவி அறை ஒன்றில்: எது எங்கே கெடும்

இப்போது கைவேலை. சயனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையனோ பெண்ணோ தாராவியில் தனியாளாகப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று நாலு தலைமுறை ஆன குடும்பம், பத்துக்குப் பத்து அறை, ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், மேலே ஏணி வைத்த மாடி.

வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். கேமரா விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி என்றால் துடிப்பு தெரியாது. கேமராவை 24 அல்லது 30 ஃபிரேமில் விட்டு ஷட்டரை 1/48, 1/60 என்று வைத்தால் சுவரில் கருப்புப் பட்டை மெல்ல ஏறி இறங்கும். மலிவு எல்.ஈ.டி. பல்பு எதற்கும் அடங்காது. பத்து விநாடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பல்பையே மாற்றிவிடுவது உத்தமம். 25 ஃபிரேமில் எடுத்த 90 நிமிடப் படத்தைத் தியேட்டர் பிரதிக்காக 24-க்கு மெதுவாக்கினால் 93 நிமிடம் 45 விநாடி ஆகும், குரலும் 4 சதவீதம் தடிக்கும். சுருதியைத் திருத்தச் சொல்லாமல் லேபுக்குக் கொடுத்தால், அறையில் பேட்டி கொடுத்த ஆச்சியின் குரல் யாரோ ஒருவரின் குரலாகத் திரும்பி வரும்.

சத்தம். புதியவர்கள் காசை லென்ஸில் போடுவார்கள். படம் கெடுவது ஒலியில். ஃபேனை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் எல்லோரும் வியர்த்து எழுந்துவிடுவார்கள், ஓடவிட்டால் மைக்கில் காற்று. ஃபேனை ஓடவிட்டு, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி ஆளை உட்காரவைத்து, லேப்பல் மைக்கைப் புடவைத் தலைப்பில் குத்தாமல் ரவிக்கை ஓரத்தில் டேப்பால் ஒட்டினால் ஓரளவு தப்பலாம். தலைப்பு அசைகிற ஒவ்வொரு தடவையும் சரசரக்கும். குர்லா, காட்கோபர் பக்கம் என்றால் விமானம். விமானம் போகும்போது சொன்ன வாக்கியத்தை நடுவில் வெட்ட முடியாது, இரைச்சல் பாதியில் அறுந்து தொங்கும். போன பிறகு திரும்பக் கேட்டால் இரண்டாவது தடவை யாரும் அதே மாதிரி சொல்வதில்லை. அதனால் அனுபவப்பட்டவர்கள் விமானத்தைக் காட்டிவிடுவார்கள், ஒரு ஷாட் அண்ணாந்து. எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் 60 விநாடி அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடிட்டிங்கில் ஓட்டை அடைக்க அதுதான் சிமென்ட்.

அனுமதி. ரயில் நிலையத்துக்குள் ரயில்வே அனுமதி, பொதுத் தெருவுக்கு கோரேகாவ் ஃபிலிம் சிட்டியிலிருந்து நடக்கும் மாநிலக் கழகத்தின் ஒற்றைச் சாளரம். இது கதைப்படத்தை மனதில் வைத்து உருவான ஏற்பாடு, தேதியும் இடமும் முன்கூட்டியே கேட்கும். நடைமுறையில் கையில் பிடித்த சின்னக் கேமராவை யாரும் கண்டுகொள்வதில்லை, டிரைபாடை விரித்தால் போலீஸ் வந்து நிற்கும். தனிப் பாணிப் படங்கள் பல கைக்கேமராவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அழகியல் புத்தகங்களில் இதை எழுதமாட்டார்கள்.

சம்மதம். இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, தப்பின் விலையும் இங்கேதான் அதிகம். தாராவி மறுமேம்பாட்டுக்கான வீடுவீடான கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்த தரைத்தள வீட்டுக்கு ஒரு நியாயம், அதற்குப் பிந்தையதற்கும் மாடிக்கும் வேறு நியாயம். மாடியில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு கிடையாது. இந்த நேரத்தில் கேமரா முன்னால், “மாடியை 2005-லதான் கட்டினோம் தம்பி” என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்வது வெறும் ஞாபகமல்ல, சாட்சியம். அது யூடியூபில் இருக்கும்.

“இதை எங்க கொண்டுபோய்க் காட்டுவீங்க தம்பி?” என்று ஆச்சி கேட்டால் அதற்குப் பதில் ‘விழாவில்’ அல்ல. எந்தெந்த விதத்தில் வெளியாகலாம், யார் யார் பார்க்கலாம், எதைச் சொன்னதை எந்தத் தேதி வரை வேண்டாம் என்று திரும்பப் பெறலாம் என்பதைத் தமிழில் சொல்லி, அவர் தலையாட்டுவதையும் கேள்வி கேட்பதையும் கேமராவிலேயே பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் வாங்கும் கையெழுத்து விநியோகஸ்தருக்கு வேண்டும், சரி. ஆச்சிக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வெட்டுக்கு முன் ஒரு தடவை அவருக்கே போட்டுக் காட்டினால், முகவரி, வருடம், மாடி மூன்றும் தானாகவே வெளியே வரும்.

பாட்டு. பக்கத்து வீட்டு ரேடியோவில் இளையராஜா ஓடிக்கொண்டிருக்கும். காட்சிக்கு அது உயிர் கொடுக்கும், ஆனால் காப்புரிமைச் சட்டத்தில் ‘தற்செயலாக விழுந்தது’ என்கிற விலக்கு ஓவியம், சிற்பம் மாதிரிக் கலைப்பொருளுக்குத்தான் தெளிவாக இருக்கிறது, பாட்டுக்கு அல்ல. வெளிநாட்டுச் சேனல் வாங்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமக் கடிதம் கேட்கும், சட்டச் சிக்கலுக்கான இன்ஷூரன்ஸும் கேட்கும். பேட்டி எடுக்கும்போது ரேடியோவை அணைக்கச் சொல்வது வருத்தம்தான், பிற்பாடு படுகிற பாட்டுக்கு அது தேவலை.

சப்டைட்டில். 100 மணி நேரம் எடுத்தால், 100 மெகாபிட் 4-கே பதிவில் மணிக்கு 45 ஜி.பி. வீதம் 4.5 டி.பி. ஆகும். அது பெரிய தொல்லையல்ல. அந்த 100 மணி நேரத்தை எழுத்தாக்குவது தொல்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் வேலை, ஆகமொத்தம் இரண்டு மூன்று மாதம். தாராவித் தமிழை எந்த மென்பொருளும் ஒழுங்காக எழுதுவதில்லை. இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று வையுங்கள்:

“கோலி காலி பண்ணுன்னு காகஜ் ஒட்டிட்டுப் போயிருக்கான், ஊருக்குப் போனா ஊர்ல என்ன இருக்கு, இங்கதான பொறந்தேன் நானு.”

கோலி என்றால் அறை, மராத்தி. காகஜ் இந்தி. இரண்டும் தமிழ் வாக்கியத்துக்குள் தமிழாகவே உட்கார்ந்திருக்கின்றன, வேறு நிறத்தில் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. சிக்கல் ‘ஊர்’. அவர் பிறந்தது தாராவி, ஆனால் ‘ஊர்’ என்பது பாட்டன் விட்டுவந்த திருநெல்வேலி. அதை ஆங்கிலத்தில் ‘சொந்தக் கிராமம்’ என்று போட்டால் ‘இங்கேதான் பிறந்தேன்’ என்பதோடு முட்டும், பார்க்கிறவர் பிழை என்று நினைப்பார். ‘குடும்பத்தின் கிராமம்’ என்றால் முட்டாது, நீளம் கூடும். அவர் பேசுவது நாலு விநாடி. விநாடிக்குப் பதினைந்து எழுத்து என்றால் அறுபது எழுத்துக்குத்தான் இடம். ஒன்று வாக்கியத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அவர் பேசி முடித்த பிறகும் முகத்தை இரண்டு விநாடி விட்டுவைக்க வேண்டும். விட்டுவைத்தால் அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பது படத்தில் வந்துவிடும். அந்த இரண்டு விநாடியைத்தான் முன்னே சொன்ன 52 நிமிடக் கணக்கு முதலில் தின்னும்.

சாப்பாட்டுக்கு வழி

ஆவணப்படத்தால் மட்டும் வாடகை கட்டுகிறவர்கள் மும்பையில் மிகக் கொஞ்சம். கல்லூரியில் பாடம், தொண்டு நிறுவனங்களுக்குப் படம், மற்றவர் படத்துக்குக் கேமரா, எடிட்டிங் என்று ஓடும். 2000-ல் டெல்லியில் தொடங்கிய பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை தூர்தர்ஷனுக்காக நிறையப் படங்களுக்குப் பணம் கொடுத்து ஒரு தலைமுறையை ஓட்டியது. பெங்களூரில் இருக்கும் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை, ஆம்ஸ்டர்டாம் விழாவின் பெர்த்தா நிதி, சன்டான்ஸ் நிதி எல்லாம் விண்ணப்பத்தின் மேல் நடக்கும். விண்ணப்பத்தில் படம் என்ன சொல்லப்போகிறது என்று முன்கூட்டியே எழுத வேண்டும், காத்திருந்து கண்டுபிடிக்கிற ஆளுக்கு அதைவிட இடைஞ்சல் இல்லை. வெளிநாட்டுப் பணம் வந்தால் வெளிநாட்டுப் பார்வையாளருக்குப் புரியும்படி என்கிற நெருக்கடியும் கூடவே வரும். தாராவி என்றால் சாக்கடையிலிருந்து முதல் ஷாட் தொடங்க வேண்டும் என்று யாரும் எழுத்தில் கேட்பதில்லை, ஆனால் பணம் கிடைக்கிற படங்கள் அப்படித் தொடங்குவதைக் கவனித்தால் தெரியும்.

வீட்டு டேப்புகள்

2023-ல் டொராண்டோ விழாவில் வந்த பட்வர்தனின் ‘வசுதைவ குடும்பகம்’ முதல் பார்வைக்கு அவருடைய மற்ற படங்களுக்குப் பொருந்தாது. கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. அப்பா, அம்மா, சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட அப்பாவின் சகோதரர்கள், வீட்டுக்குள் நடக்கும் கேலி. பெற்றோருக்கு வயதாகிக்கொண்டிருந்த வருடங்களில், படமாக்கும் திட்டம் இல்லாமல் வீட்டில் எடுத்துவைத்த பதிவுகள்தான் அதன் முதுகெலும்பு. தொழில்முறையில் இதை விரிவாக்கம் என்று சொல்லலாம், புதுத் திசை என்று சொல்ல வேண்டியதில்லை. கேமரா அதே கையில், கேள்வி அதே குரலில், உரிமை அதே பெயரில்.

இது சாத்தியமானதற்கு ஒரு சாதாரண முன்நிபந்தனை உண்டு: டேப்புகள் உயிரோடு இருந்தன. மும்பையில் அதுவே சாதனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் ஏறும் அலமாரியில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். அப்படியே பிளேயரில் போட்டால் பூஞ்சை டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்குத் தாவி அடுத்த டேப்பையும் கெடுக்கும். பழைய அசிடேட் ஃபிலிம் பெட்டியைத் திறந்தால் காடி நாற்றம் அடிக்கும். அடிப்பட்டை சிதைந்து அமிலம் விடுகிறது என்று அர்த்தம். நாற்றம் வந்த பெட்டியைத் தனியாக எடுத்துவைக்காவிட்டால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். டேப்பை ஓட்டுகிற டெக் இப்போது யாரும் தயாரிப்பதில்லை. ஓடுகிற டெக் கிடைத்தால் முதலில் முக்கியமில்லாத டேப் ஒன்றை ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அம்மாவின் டேப்பைப் போட வேண்டும். ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. மாற்றியதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை மழைத்தண்ணீர் ஏறாத வேறொரு வீட்டில், முடிந்தால் மூன்றாவது மாடிக்கு மேலே, வைத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை அந்த டிஸ்க்கையும் இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க் மேல் வருடத்தையும் ஆட்களின் பெயரையும் எழுதாமல் ‘இதர’ என்று எழுதிவைத்தால், இருபது வருடம் கழித்து அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.